800 பக்கமும் இரண்டு வாரமும்

2000-களின் தொடக்கத்தில், அமெரிக்கப் புலனாய்வு அமைப்பான எஃப்.பி.ஐ.யில் ஒரு வழக்கு விவரத்தைப் பதிவுசெய்ய, அதிகாரி படிவத்தை நிரப்பி, அச்செடுத்து, மேலதிகாரியின் மேசைக்குக் கொண்டுபோய்க் கையெழுத்து வாங்க வேண்டும். 1995-இல் வந்த கணினி அமைப்பு ஒன்று இருந்தது. ஆனாலும் அதிகாரபூர்வ ஆவணம் காகிதம்தான்.

இதை மாற்ற 2001-இல் ஒரு திட்டம் தொடங்கினார்கள். என்னென்ன வேண்டும் என்று எழுதிய ஆவணமே 800 பக்கத்தைத் தாண்டியது. எந்தப் பக்கத்தில் எந்தப் பொத்தான், அதற்கு என்ன நிறம் என்பதுவரை எழுதினார்கள். அந்தப் பொத்தானை அழுத்தப்போகிறவருக்கு உண்மையில் என்ன தேவை என்பதில்தான் தெளிவு வரவில்லை. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவவில்லை. சுமார் 17 கோடி டாலர் போன பிறகு, 2005-இல் திட்டத்தைக் கைவிட்டார்கள்.

அதே வேலைக்காக 2006-இல் ‘சென்டினல்’ என்ற புதிய திட்டம் தொடங்கியது. நான்கு கட்டம், 2009-க்குள் முடிக்க வேண்டும் என்று கணக்கு. 2010 ஆகஸ்டில் 40.5 கோடி டாலர் கரைந்திருந்தது. கைக்கு வந்தது இரண்டு கட்டம்தான்.

அந்த ஆண்டுதான் எஃப்.பி.ஐ., ஒப்பந்த நிறுவனத்திடம் இருந்த வேலையைத் தானே ஏற்று, மென்பொருளைச் சிறு சிறு பகுதியாக முடித்துக் காட்டுகிற ‘அஜைல்’ முறைக்கு மாறியது. தேவைகளை 670 ‘யூசர் ஸ்டோரி’களாகப் பிரித்தார்கள். இந்த அதிகாரிக்கு இந்த வேலை முடிய வேண்டும் என்று சொல்கிற சின்னச் சின்னக் குறிப்புகள் அவை. இரண்டு வாரத்துக்கு ஒரு ‘ஸ்பிரிண்ட்’, அதாவது ஒரு குறுகிய வேலைச் சுற்று. ஒவ்வொரு சுற்றின் முடிவிலும், ஓடுகிற மென்பொருளை டெமோ காட்டியாக வேண்டும். ‘தொண்ணூறு சதவீதம் முடிந்துவிட்டது’ என்று ஆண்டுக்கணக்கில் அறிக்கை எழுத முடியாது. ஓடுகிறதா இல்லையா என்பது எல்லார் கண்ணுக்கும் தெரிந்துவிடும். அஜைலில் நான் மிகவும் மதிப்பது இதைத்தான்.

அதற்காக எல்லாம் சுலபமாக முடிந்துவிடவில்லை. 2011 அக்டோபரில் 700-க்கும் மேற்பட்ட ஊழியர்களைப் பயன்படுத்தச் சொல்லிச் சோதித்தார்கள்; அமைப்பு இரண்டு முறை நின்றுபோனது. பழைய கருவிகளால் அந்தச் சுமையைத் தாங்க முடியவில்லை. சிறிய டெமோக்களில் தெரியாத குறை அது. புதிய கருவிகள் வாங்க மாதக்கணக்கில் தாமதமானது. தாமதமானாலும், நாடு முழுக்கத் திறந்துவிடுவதற்கு முன்பே தெரிந்ததே, அது பெரிய விஷயம்.

2012 ஜூலையில் சென்டினல் பயன்பாட்டுக்கு வந்தது. இன்று அதே படிவம் திரையிலேயே நிரம்பி, மேலதிகாரியின் மின்னணு ஒப்புதலோடு வழக்குக் கோப்பில் சேர்கிறது.

திட்டம் நடத்துகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள்: குழு தினமும் நின்றபடி பேசுகிற காலை ‘ஸ்டாண்ட்-அப்’ கூட்டம் ஒருநாள் நின்றுபோனாலும் சமாளித்துக்கொள்ளலாம். பயன்படுத்தப்போகிறவர் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கிற டெமோவை மட்டும் ஒருமுறைகூடத் தள்ளிப்போடாதீர்கள்.