உங்களுக்குத் தெரியுமா? பயமும் தலைவலியைக் கூட்டும்!

தலையில் லேசான அடி, சி.டி. ஸ்கேன் நார்மல். ஆனாலும் பத்தாம் நாள் தலை கனக்கிறது, டி.வி. வெளிச்சம் கூசுகிறது, சர்க்கரை வாங்கப் போனவர் உப்போடு திரும்புகிறார். 'மூளைக்கு என்னவோ ஆகிவிட்டது' என்ற பயம் தூக்கத்தைக் கெடுக்கும். தூக்கம் கெட்டால் தலைவலியும் மறதியும் கூடும். பயத்துக்கு அதுவே சாட்சியாகிவிடும்! பெரும்பாலோருக்கு இந்தத் தொந்தரவுகள் சில வாரங்களில் தானாகவே சரியாகிவிடும்.

இருட்டறையில் படுத்தே கிடக்கவும் வேண்டாம். அமெரிக்காவின் மில்வாக்கியில் நடந்து 2015இல் வெளியான ஆய்வில், 5 நாள் முழு ஓய்வு சொல்லப்பட்ட இளையோருக்குத்தான், ஓரிரு நாள் ஓய்வெடுத்தவர்களைவிடத் தொந்தரவு அதிகம். 2 நாளுக்குப் பின் மெதுவாக நடக்கலாம்.

தலைவலி ஏறிக்கொண்டே போனாலோ, அடுத்தடுத்து வாந்தி, வலிப்பு, எழுப்பினாலும் தெளியாத மயக்கம் என்றாலோ, உடனே ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும்.