நடுத்தரப் பெறுபேறும் பொறியியற் கல்வியும்



க.பொ.த. உயர்தரப் பரீட்சையில் இணைந்த கணிதத்தில் ஒரு திறமைச் சித்தி. பௌதிகவியலிலும் இரசாயனவியலிலும் சாதாரண சித்தி. பிள்ளை தோற்றுவிடவில்லை, ஆயினும் பொறியியற் பீடத்திற்குப் போதிய புள்ளியும் இல்லை. இத்தகைய பெறுபேறு வந்த வீடுகளில் தகப்பனார் காணி உறுதியை எடுத்துப் பார்க்கிறார்; தாயார் நகைகளை எண்ணுகிறார். பிள்ளையைப் பொறியியலாளராக்கித் தருவோம் என்னும் விளம்பரங்கள் பத்திரிகைகளில் நிறைவதும் அந்த வேளையிலேதான். உறுதியை ஈடு வைக்குமுன் அறிந்துகொள்ள வேண்டியவை சில உள. அவற்றைப் பற்றியே இன்று பேச எண்ணுகிறேன்.

முதலில் வெட்டுப்புள்ளி என்பதைத் தெளிவாக விளங்கிக்கொள்ளுதல் வேண்டும். 2001 ஆம் ஆண்டு முதல் பல்கலைக்கழக அனுமதி இசட் புள்ளியின்படி நடைபெறுகிறது. ஒரு பாடத்தில் மாணவன் பெற்ற புள்ளி, அப்பாடத்திற்குத் தோற்றியவர்களின் சராசரியிலிருந்து எவ்வளவு விலகி நிற்கிறது என்பதையே அது காட்டும். இடங்களில் நூற்றுக்கு 40 அகில இலங்கைத் தகுதி வரிசைக்கும், 55 மாவட்டங்களுக்கும், 5 கல்வி வசதி குறைந்த மாவட்டங்களுக்கும் உரியவை. ஆதலால் கொழும்பில் இடம் கிடைக்காத ஒரு புள்ளிக்கு முல்லைத்தீவில் இடம் கிடைத்தல் கூடும். அது மட்டுமன்று, பீடத்திற்குப் பீடமும் வெட்டுப்புள்ளி வேறுபடும். பேராதனையையும் மொறட்டுவையையும் மட்டுமே எண்ணி விண்ணப்பப் படிவத்தை நிரப்புகிற மாணவர் இன்றும் உளர். காலியை அடுத்த ஹப்புகலையில் உறுகுணைப் பல்கலைக்கழகத்தின் பீடமும், ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் பீடமும், கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பீடமும் உள்ளன. ஸ்ரீ ஜயவர்த்தனபுரப் பல்கலைக்கழகத்திலும் ஒரு பீடம் உண்டு. எல்லாவற்றிலும் படிப்புக் கட்டணம் இல்லை. மொறட்டுவையின் கணிய அளவையியலும் சப்பிரகமுவவின் நில அளவை விஞ்ஞானமும் பொறியியலின் அயல்வீடுகள். அவற்றையும் விருப்பு வரிசையில் எழுதுவதால் இழப்பு ஒன்றுமில்லை. பரீட்சைக்கு இரண்டாம் முறை தோற்றுவது பெரும்பாலும் நியாயமானதே. மூன்றாம் முறை தோற்றுவதற்கு முன், டியூஷன் செலவோடு ஓர் ஆண்டு வயதையும் சேர்த்துக் கணக்குப் பார்ப்பது நன்று.

இவை யாவும் கைகூடாதபோது என்ன செய்வது? பலர் உடனே தனியார் கல்லூரியை நாடுகின்றனர். இடையில் அரசின் கதவுகள் சில திறந்தே இருக்கின்றன என்பதை அவர்கள் கவனிப்பதில்லை. மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தின் தொழில்நுட்ப நிறுவகம் ஹோமாகமையை அடுத்த தியகமவில் தேசிய தொழில்நுட்ப டிப்ளோமாவை வழங்குகிறது. மூன்றாண்டுப் பயிற்சி; அதில் ஓராண்டு தொழிலகத்தில் கழியும். இலங்கை உயர் தொழில்நுட்பவியல் கல்வி நிறுவகம் பொறியியலில் உயர் தேசிய டிப்ளோமாவை நடத்துகிறது. கொழும்பு மட்டக்குளியில் இதற்கான வகுப்புகள் உண்டு. முழுநேர வகுப்புகளுக்குக் கட்டணம் இல்லை. இவ்விரண்டிலும் போட்டி உண்டெனினும், பொறியியற் பீடத்தின் போட்டியளவுக்குக் கடுமையானது அன்று. கட்டட வேலைத்தளத்திலும் மின்சார நிலையத்திலும் தொழில்நுட்ப உத்தியோகத்தராய் நின்று வேலையை உண்மையில் நடத்துகிறவர்களுள் இத்தகைய டிப்ளோமாக்காரர் பலர். நம் சமூகம் இவர்களை ‘பாதி எஞ்சினியர்’ என்று குறைத்துப் பேசுவது, என் எண்ணத்தில், அறியாமையே.

அடுத்தது இலங்கைத் திறந்த பல்கலைக்கழகம். 1980 இல் நிறுவப்பட்ட இதன் தலைமையிடம் நாவலையில் உள்ளது. யாழ்ப்பாணம், மட்டக்களப்பு முதலிய இடங்களில் நிலையங்கள் உண்டு. இங்கே இசட் புள்ளியின் போட்டி இல்லை. வேண்டிய பாடங்களிற் சித்தி இருந்தாற் போதும். பொறியியலில் சிறப்புப் பட்டம் வரை படிக்கலாம். கட்டணம் உண்டு, ஆனால் எடுக்கும் பாடங்களின் அளவுக்கேற்பச் சிறிது சிறிதாகச் செலுத்தலாம். பகலில் வேலை செய்து சம்பாதித்துக்கொண்டே படிப்பவர் பலர். இதன் கடினத்தையும் மறைத்தல் ஆகாது. நாள்தோறும் விரிவுரை என்பது கிடையாது. மாணவன் பாடநூலை வைத்துக்கொண்டு தானே படித்தல் வேண்டும். ஆய்வுகூடப் பயிற்சிக்கு வெளியூர் மாணவன் நாவலைக்குப் போய்வர நேரும். நான்கு ஆண்டில் முடிக்க எண்ணியவர் ஆறு, ஏழு ஆண்டு எடுப்பதும் உண்டு. தாமாகவே விடியற்காலையில் எழுந்து படிக்கும் பழக்கம் இல்லாத பிள்ளைக்கு இவ்வழி பொருந்தாது. பிள்ளை எத்தகையது என்பதைப் பெற்றோரே அறிவர்.

இனித் தனியார் கல்லூரிக்கு வருவோம். அவை எல்லாம் ஏமாற்று என்று நான் கூறவில்லை, தரமானவையும் உண்டு. அங்கே கேட்கவேண்டிய முதற் கேள்வி கட்டணம் எவ்வளவு என்பதன்று. பட்டத்தை வழங்குவது யார், அதை ஏற்றுக்கொள்வது யார் என்பதே. இந்நாட்டுத் தனியார் நிறுவனத்தின் பட்டமாயின் அதற்கு அரசின் அனுமதி வேண்டும். பிறநாட்டுப் பட்டமாயின் அதை வழங்கும் பல்கலைக்கழகத்தைப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு ஏற்கிறதா என்று அறிதல் வேண்டும். அதற்கு மேலும் ஒரு படி உண்டு. 2017 ஆம் ஆண்டின் 4 ஆம் இலக்கச் சட்டத்தின்படி இலங்கைப் பொறியியற் பேரவை அமைக்கப்பட்டது. பொறியியல் தொழில் புரிவோர் தத்தம் தகைமைக்குரிய வகுப்பில் அங்கே பதிவு செய்தல் வேண்டும். டிப்ளோமாக்காரருக்கும் அங்கே தனி வகுப்பு உண்டு. இலங்கைப் பொறியியலாளர் நிறுவகம் ஒரு பட்டத்தை ஏற்றுக்கொண்டுள்ளதா என்பதும் பிள்ளையின் பிற்கால உயர்ச்சிக்கு இன்றியமையாதது.

கட்டணத்தில் ஒரு கண்ணி உண்டு. பிறநாட்டுப் பட்டங்களுக்குரிய கட்டணத்தின் ஒரு பகுதியைப் பவுணிலோ டொலரிலோ குறிப்பர். 2022 மார்ச் தொடக்கத்தில் ஏறக்குறைய 200 ரூபாவாயிருந்த டொலர், மே மாதத்தில் 360 ரூபா அளவுக்கு உயர்ந்தது. படிப்பை இடைநடுவில் விடவும் முடியாமல், தொடரவும் பணமில்லாமல் அவதியுற்ற குடும்பங்கள் எத்தனையோ. ஆகையால் முழுக் கட்டணமும் எந்த நாணயத்தில், எத்தனை தவணையில் என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்க. பதிவுக் கட்டணம், பரீட்சைக் கட்டணம், பட்டம் வழங்கும் பல்கலைக்கழகத்திற்குச் செலுத்தும் தொகை ஆகியவற்றைத் தனித்தனியே கேட்டறிதல் வேண்டும். தனியார் நிறுவனங்களிற் பயில்வோர்க்கென 2017 இல் அரசு தொடங்கிய வட்டியில்லாக் கடன் திட்டமும் உண்டு. அதில் எப்படிப்புகள் அடங்கும் என்பதை அவ்வப்போது வெளியாகும் அறிவித்தலிலே பார்க்க வேண்டும்.

தமிழ்நாட்டுக் கல்லூரிகளைப் பற்றியும் சிலர் கேட்கின்றனர். மொழியும் உணவும் பழகியவை என்பது உண்மை. இலங்கையும் இந்தியாவும் 2014 இல் வாஷிங்டன் உடன்படிக்கையின் முழு உறுப்பு நாடுகளாயின. அவ்வுடன்படிக்கை பொறியியற் பட்டங்களை நாடுகள் தம்முள் ஏற்றுக்கொள்வதற்கானது. ஆயினும் இந்தியாவின் ஒவ்வொரு கல்லூரிக்கும் அது தானே பொருந்திவிடும் என்று கருதுதல் தவறு. அங்குள்ள தேசிய தரச்சான்றுச் சபை குறித்த வகையிற் சான்றளித்த படிப்புகளுக்கு மட்டுமே அது செல்லும். முகவர் காட்டும் கல்லூரியின் பெயரைக் கேட்டால் மட்டும் போதாது. பிள்ளை படிக்கப்போகும் அந்தப் படிப்புக்கே சான்று உண்டா என்று பார்க்க வேண்டும்.

எந்த வழியிற் சென்றாலும் பட்டப்படிப்பு ஆங்கிலத்தில் நடைபெறும். தமிழில் உயர்தரம் படித்த பிள்ளை, பரீட்சை முடிந்து அனுமதி கிடைக்கும்வரை உள்ள மாதங்களை ஆங்கிலத்திற்கும் வரைபடப் பயிற்சிக்கும் செலவிட்டால், முதலாண்டிற் படும் துன்பம் பாதியாகக் குறையும்.

வடக்கிலுள்ளவர்கள் ஒருமுறை அறிவியல் நகருக்கே சென்று பார்க்கலாம். பொறியியற் பீடம் இருக்கும் அதே இடத்தில் 2016 இல் திறக்கப்பட்ட இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவகமும் இருக்கிறது. பீடத்திற்குப் புள்ளி போதாத பிள்ளை அங்கே தேசிய தொழில் தகைமையின் ஐந்தாம் மட்டத்துப் படிப்பிற் சேரலாம். ஐந்தாம், ஆறாம் மட்டங்களைக் கடந்தவர் இரத்மலானையில் உள்ள வாழ்க்கைத்தொழில் தொழில்நுட்பவியல் பல்கலைக்கழகத்திற் பட்டப்படிப்புக்கு விண்ணப்பிக்கும் வழியும் உண்டு. போகும்போது பெறுபேற்றுத் தாளையும் தேசிய அடையாள அட்டையையும் எடுத்துச் செல்க. பிள்ளையையும் உடன் அழைத்துச் சென்று, கேட்க வேண்டியதை அவரையே கேட்க விடுங்கள்.