திசைவு நெறிமுறைகளில் திறவுகோல் மேலாண்மை

திசைவு நெறிமுறைகளில் திறவுகோல் மேலாண்மை என்பது, திசைவிகள் (ரூட்டர்கள்) தமக்குள் பரிமாறும் வழித்தகவலின் நம்பகத்தன்மையை உறுதிசெய்யும் இரகசியத் திறவுகோல்களை உருவாக்குதல், பகிர்தல், மாற்றுதல், நீக்குதல் ஆகிய பணிகளைக் குறிக்கும். இவற்றுள் கடினமானது மாற்றுதலே.

தேவை

ஓஎஸ்பிஎஃப், பிஜிபி போன்ற நெறிமுறைகள் வழியே திசைவிகள் ஒன்றுக்கொன்று பாதைகளை அறிவிக்கின்றன. போலித் திசைவி ஒன்று இடையில் புகுந்தால் தரவு தவறான பாதையில் செல்லும். பிஜிபி திசைவிகளுக்கு இடையிலான டிசிபி இணைப்பைப் போலிப் பொதிகளால் துண்டிப்பது, கருதப்பட்டதைவிட எளிது என்று 2004இல் பால் வாட்சன் காட்டினார். அதன்பின் பல இணையச் சேவை நிறுவனங்கள் திறவுகோல் பாதுகாப்பை விரைந்து நடைமுறைப்படுத்தின.

செயல்படும் முறை

இரு திசைவிகளிலும் ஒரே திறவுகோல் பதியப்படும். அனுப்பும் திசைவி, செய்தியையும் திறவுகோலையும் சேர்த்து ஒரு சுருக்க மதிப்பைக் கணித்துச் செய்தியுடன் இணைக்கும். பெறும் திசைவி அதே கணக்கைச் செய்து பார்க்கும். விடை பொருந்தாவிட்டால் செய்தியைத் தள்ளிவிடும். திறவுகோல் கம்பி வழியே செல்வதில்லை. செய்தி மறையாக்கம் செய்யப்படுவதும் இல்லை.

மாற்றுவதில் உள்ள சிக்கல்

இரு முனைகளிலும் ஒரே நொடியில் திறவுகோலை மாற்ற இயலாது. ஓஎஸ்பிஎஃப் பொதுவாக 10 நொடிக்கு ஒருமுறை நல விசாரிப்புச் செய்தி அனுப்பும். 40 நொடி ஏற்கத்தக்க செய்தி வராவிட்டால் அண்டைத் திசைவி செயலிழந்ததாகக் கொள்ளும். இந்த அச்சத்தால் சில இடங்களில் திறவுகோல் ஆண்டுக்கணக்கில் மாற்றப்படுவதில்லை. பணியை விட்டுச் சென்றவர்களுக்கும் அது தெரிந்திருக்கும். டிசிபி எம்டி5 திறவுகோல்கள் 12 முதல் 24 பைட் நீளம் இருக்க வேண்டும், குறைந்தது 90 நாளுக்கு ஒருமுறை மாற்றப்பட வேண்டும் என்று ஆர்எஃப்சி 3562 (2003) பரிந்துரைக்கிறது.

திறவுகோல் கோவை

இதற்குத் தீர்வு, ஒவ்வொரு திறவுகோலுக்கும் ஓர் எண்ணும், ஏற்கும் காலம், அனுப்பும் காலம் என இரு கால எல்லைகளும் தருவதாகும். ஏற்கும் காலம் அனுப்பும் காலத்தைவிட இருபுறமும் நீண்டிருக்க வேண்டும். எடுத்துக்காட்டு:

- திறவுகோல் 1: மார்ச் 31 முடிய அனுப்பும், ஏப்ரல் 2 முடிய ஏற்கும்.
- திறவுகோல் 2: மார்ச் 30 முதல் ஏற்கும், ஏப்ரல் 1 முதல் அனுப்பும்.

ஒரு திசைவியின் கடிகாரம் 10 நிமிடம் முந்தியிருந்தாலும் இணைப்பு அறாது. மறுமுனை புதிய திறவுகோலை ஏற்கெனவே ஏற்கத் தொடங்கியிருக்கும். எனினும் என்டிபி மூலம் கடிகாரங்களை ஒத்திசைத்து வைப்பது அவசியம்.

கடைசித் திறவுகோலும் காலாவதியானால் என்ன செய்வது? பாதுகாப்பின்றி இயங்குவதும் தவறு, வலையமைப்பை நிறுத்துவதும் நல்லதன்று. ஆகவே நிர்வாகிக்கு எச்சரிக்கை அனுப்பி, அதே திறவுகோலைத் தொடர வேண்டும் என்கிறது ஓஎஸ்பிஎஃப் தரநிலையான ஆர்எஃப்சி 2328 (1998).

பிஜிபியில்

ஆர்எஃப்சி 2385 (1998) வகுத்த டிசிபி எம்டி5 முறையில் திறவுகோல் எண் கிடையாது. அதனால் எந்தத் திறவுகோல் பயன்பட்டது என்பதைச் செய்தியே சொல்லாது. இதற்கு மாற்றாக 2010இல் வந்த டிசிபி-ஏஓ (ஆர்எஃப்சி 5925) அந்த எண்ணைச் சேர்த்தது. இணைப்பு அறாமலே திறவுகோலை மாற்ற அது வழிசெய்கிறது.

வரம்பு

செய்தி யாரிடமிருந்து வந்தது என்பதையும் வழியில் மாறவில்லை என்பதையும் மட்டுமே திறவுகோல் உறுதிசெய்யும். நம்பகமான அண்டைத் திசைவியே தவறான பாதையை அறிவித்தால் அதனால் தடுக்க இயலாது. பிஜிபியில் முகவரித் தொகுதியை அறிவிக்கும் உரிமை யாருக்கு உண்டு என்று சரிபார்க்க ஆர்பிகேஐ என்னும் தனி முறை உள்ளது.