தங்கிலீஷ் பாட்டு கேட்டால் இங்கிலீஷ் வருமா? ஆய்வுகள் சொல்வது என்ன?

காஞ்சிபுரத்திலிருந்து வந்தவாசி போகும் சாலையில், பாலாற்றுப் பாலத்தை ஒட்டி இருக்கிறது செவிலிமேடு. பட்டுத் தறியை நம்பி வாழ்ந்த இந்தப் பகுதியின் அடுத்த தலைமுறைக்கு ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் கம்பெனி வேலைதான் இப்போது கனவு. அங்கே இன்டர்வியூவில் வந்து நிற்கும் பெரிய தடை, இங்கிலீஷ்.

ஆனால் கம்பெனி பஸ்ஸில் ஹெட்போனில் ஓடும் பாட்டில் பாதி இங்கிலீஷ்தான். "தமிழும் ஒழுங்கா வரல, இங்கிலீஷும் ஒழுங்கா வரல, ரெண்டையும் கலந்து கெடுக்குறாங்க" என்பது வீட்டுப் பெரியவர்களின் வழக்கமான புலம்பல். இது உண்மையா? மொழியைக் கலப்பது அரைகுறை அறிவின் அடையாளமா?

கலப்பவர்கள் அரைகுறைகளா?

இந்தக் கேள்விக்கு 1980-லேயே ஒரு பதில் வந்துவிட்டது. நியூயார்க்கில் வாழும் போர்ட்டோ ரிக்கோ சமூகத்தினர் 20 பேரின் பேச்சை ஆராய்ந்தார் மொழியியலாளர் ஷானா பாப்லாக். அவர்கள் ஸ்பானிஷையும் இங்கிலீஷையும் கலந்து பேசுபவர்கள்.

முடிவு பலரும் நினைத்ததற்கு நேர்மாறாக இருந்தது. இரண்டு மொழியும் நன்றாகத் தெரிந்தவர்கள்தான் ஒரே வாக்கியத்துக்குள் சரளமாக மொழி மாறினார்கள். இரண்டில் எந்த இலக்கணமும் பெரும்பாலும் உடையவில்லை. ஒரு மொழியில் தடுமாறியவர்களோ, நம்மூரில் 'ஓகே', 'யூ நோ' போடுவதுபோல வாக்கியத்தின் ஓரத்தில் சின்னச் சொற்களை மட்டும் ஒட்டினார்கள்.

பாவு தமிழ், ஊடை இங்கிலீஷ்

அப்படியானால் கலப்புக்கும் விதி உண்டா? உண்டு. கென்யாவின் நைரோபியில் ஸ்வாஹிலி–இங்கிலீஷ் கலப்பை ஆராய்ந்த கேரல் மையர்ஸ்-ஸ்காட்டன், 1993-ல் இதற்கு ஒரு விளக்கம் தந்தார். கலப்புப் பேச்சில் இரண்டு மொழிக்கும் சம பங்கு கிடையாது. ஒரு மொழி சட்டகமாக நிற்கும். இன்னொன்று அதற்குள் சொற்களை அனுப்பும்.

நெசவாளருக்கு இதைச் சொல்லிப் புரியவைப்பது சுலபம். தறியில் முதலில் கட்டப்படுவது பாவு. அதற்குள் புகுந்து போவது ஊடை. "மீட்டிங்கை கேன்சல் பண்ணிட்டாங்க" என்பதில் சொல் இங்கிலீஷ். வேற்றுமை உருபு, வினை, வாக்கிய வரிசை எல்லாம் தமிழ். 'கேன்சலினார்கள்' என்று யாரும் சொல்வதில்லை, 'பண்ணு' வந்துதான் ஆக வேண்டும். யாரும் சொல்லித் தராமலே எல்லோரும் கடைப்பிடிக்கும் விதி இது.

'கொலவெறி'யில் நடந்தது என்ன?

2011 நவம்பர் 16-ல் வெளியான 'ஒய் திஸ் கொலவெறி டி' பாடலையே எடுத்துக்கொள்வோம். தனுஷ் எழுதிப் பாடியது, அனிருத்தின் முதல் படமான '3'-ல் வந்தது. யூடியூப் வழியே நாடு முழுக்கப் பரவியது.

அதில் இங்கிலீஷ் சொற்களின் வால்களில் ஓர் 'உ' ஒட்டிக்கொண்டு வரும். கிண்டலுக்காகச் செய்ததுதான், ஆனால் அதற்குப் பின்னால் தமிழின் ஒலி விதி இருக்கிறது. தமிழ்ச் சொல் க், ட், ப் போன்ற வல்லின மெய்யில் முடியாது. அதனால்தான் 'லைட்' நம் வாயில் 'லைட்டு' ஆகிறது, 'கேட்' 'கேட்டு' ஆகிறது. சொற்கள் இங்கிலீஷாக இருந்தாலும் பாட்டின் வாய் தமிழ் வாய்.

புதுசா இது?

இல்லை. செவிலிமேட்டுக்குப் பக்கத்திலேயே ஆதாரம் இருக்கிறது. காஞ்சிபுரத்தின் தூப்புலில் 13-ஆம் நூற்றாண்டில் பிறந்த வேதாந்த தேசிகர், தமிழும் சமஸ்கிருதமும் கலந்த மணிப்பிரவாள நடையில் நூல்கள் எழுதியவர். சில ஆண்டுகள் காஞ்சியில் வாழ்ந்த முத்துசுவாமி தீட்சிதரின் 'ஸ்ரீ அபயாம்பா' கீர்த்தனையில் சமஸ்கிருதம், தெலுங்கு, தமிழ் மூன்றும் வருகின்றன. காஞ்சிப் பட்டின் பெருமையான 'ஜரிகை'கூட பாரசீகத்திலிருந்து வந்த சொல்தான்.

சரி, பாட்டு கேட்டால் மொழி வருமா?

கொஞ்சம் வரும். எடின்பரோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள், ஹங்கேரிய மொழியே தெரியாத 60 பேருக்கு 15 நிமிடம் அந்த மொழித் தொடர்களைக் கற்றுக்கொடுத்தார்கள். ஒரு குழு சாதாரணமாகப் பேசிப் பழகியது, இன்னொன்று தாளத்தோடு பேசியது, மூன்றாவது பாடியது. நினைவிலிருந்து ஹங்கேரிய மொழியில் சொல்லச் சொன்னபோது பாடிய குழுவே முந்தியது. 2014-ல் வெளியான ஆய்வு இது.

பிரான்சில் டானியேலே ஷோன் குழுவினர் 2008-ல் வெளியிட்ட ஆய்வும் இதற்குத் துணை நிற்கிறது. இடைவெளி இல்லாமல் ஓடும் அர்த்தமற்ற அசைகளில், எது ஒரு 'சொல்' என்று பிரித்தறிவது பேச்சைவிடப் பாட்டில் சுலபமாக இருந்தது. மெட்டு ஏறி இறங்கும் இடங்கள் சொல்லின் எல்லையைக் காட்டிக்கொடுக்கின்றன.

ஆனால் ஒரு 'ஆனால்' உண்டு

எடின்பரோவில் அவர்கள் சும்மா கேட்கவில்லை, வாய்விட்டுப் பாடினார்கள். அர்த்தமும் கூடவே சொல்லப்பட்டது. பஸ்ஸில் பின்னணியில் ஓடும் பாட்டு அந்த வேலையைச் செய்யாது.

இன்னொன்று, தங்கிலீஷ் பாட்டின் பாவு தமிழ். அதிலிருந்து இங்கிலீஷ் சொற்கள் கிடைக்கலாம்; இங்கிலீஷ் வாக்கியம் கட்டும் முறை கிடைக்காது. இன்டர்வியூவில் தடுமாறுவது பெரும்பாலும் சொல் தெரியாமல் அல்ல, வாக்கியம் அமையாமல்தான். அதற்கு முழு இங்கிலீஷ் பாட்டு ஒன்றை எடுத்து, வரிகளைப் பார்த்து, அர்த்தம் தெரிந்து, சத்தமாகப் பாடுவது உதவும். பிறகு அதே வாக்கிய அமைப்பில் சொந்த விஷயத்தைச் சொல்லிப் பார்க்க வேண்டும்.

மொத்தத்தில், "ஷிஃப்ட் முடிஞ்சு ரிலாக்ஸ் பண்றேன்" என்று சொல்லும் பிள்ளைக்குத் தமிழ் கெட்டுப்போகவில்லை. அந்த வாக்கியத்தைத் தாங்கி நிற்பதே தமிழ்தான். அவர் கூடுதலாகக் கட்ட வேண்டியது இங்கிலீஷுக்கு என்று தனியாக ஒரு பாவு.