நிலத்தில் செல்லும் படகு

கடலில் ஓடும் நாவாய் நிலத்தில் ஓடாது என்பது வள்ளுவர் கருத்து. ஆயினும், 2015 டிசம்பரில் சென்னையை வெள்ளம் சூழ்ந்தபோது, மீனவர்தம் படகுகள் லாரிகளில் ஏறி ஊருக்குள் வந்தன. பல உயிர்களைக் காத்தன.

திருவள்ளூர் மாவட்டத்துப் பழவேற்காடு போன்ற கடற்கரை ஊர்களினின்று படகை வண்டியிலேற்றிச் செல்வோர், அதனைத் தார்ப்பாயால் மூடுதல் நன்று. காரணம் யாது? 8 சதுர மீட்டர் பரப்புள்ள திறந்த படகில் 5 சென்டிமீட்டர் மழை பெய்து தேங்கினால், அந்நீரின் எடை 400 கிலோகிராம் ஆகும். வளைவுகளில் அந்நீர் ஒருபுறம் சாயின், வண்டியும் சாயக்கூடும்.

எனினும், தளரக் கட்டிய தார்ப்பாய் மூடாமையினும் தீது. வண்டியின் வேகம் இருமடங்கானால், எதிர்க்காற்றின் விசை நான்மடங்காகும். தளர்ந்த பாய் காற்றால் புடைத்துக் கிழியும். அறுந்து பறந்து, பின்வரும் வண்டியோட்டியின் பார்வையை மறைக்கும். ஆகவே, படகின் நடுவே நீளவாக்கில் ஒரு மூங்கிலை உயர்த்திக் கட்டி, கூரைபோல் இருபுறமும் சரியுமாறு பாயை விரித்து, ஓரங்களைக் கயிற்றால் இறுகப் பிணித்தல் வேண்டும். வழியில் வண்டியை நிறுத்திக் கட்டுகளைச் சோதித்தலும் வேண்டும்.

நீரில் நம்மைக் காப்பது படகு. நிலத்தில் அதனைக் காப்பது நம் கடன்.