ஒரு பாட்டில் இரு துயரம்

சாவு வீட்டில் அழுகின்ற பெண்களுள் ஒவ்வொருத்தியும் தன் துயரையே அழுகின்றாள் என்று நம் பெரியோர் கூறுவதுண்டு. இதனை ஏளனமாகச் சொல்வோரும் உளர். ஆயினும், சற்றே ஆழ்ந்து நோக்கின் இஃது ஏளனத்திற்கு உரியதன்று என்பது புலனாகும். பிறர் பொருட்டுப் பாடத் தொடங்கும் குரலில் தன் துயரும் வந்து கலக்கும்பொழுதே பாட்டு கேட்போர் உள்ளத்தை உருக்குகின்றது.

பதுளை, பசறை, லுணுகலை, மடுல்சீமை, அப்புத்தளை ஆகிய பகுதிகளின் தேயிலைத் தோட்டங்களில் ஒப்பாரியைக் கேளாது வளர்ந்த முதியோர் அரியர். லயத்து வாசலில் தப்பொலி எழும். பெண்கள் வட்டமாக அமர்ந்து, ஒருவர் தோள்மீது ஒருவர் கைபோட்டு அழுவர். ஒருத்தி அடியெடுத்துக் கொடுக்க, மற்றையோர் விம்மலோடு அதனைத் தொடர்வர். முதலில் இறந்தவரின் பெருமையே பாட்டாகும். சிறிது நேரஞ் சென்றபின் பாட்டு வழி மாறும். விட்டு வந்த தாய்வீடு, எட்டிப் பாராத உடன்பிறந்தார், கூடை சுமந்து ஏறி இறங்கிய மலை, மடியில் நில்லாது போன குழந்தை யாவும் அதனுட் புகும். மற்றை நாள்களில் வாய் திறவாத பெண்ணும் அன்று வாய்விட்டுச் சொல்லுவாள். அவளைத் தடுப்பார் எவருமிலர்.

ஒப்பாரி இறந்தோர்க்கு மட்டும் உரியதாகவும் நிற்கவில்லை. 1964ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. அதன்படி 5,25,000 பேரை ஏற்றுக்கொள்ள இந்தியா இசைந்தது. பின்னர், தலைமன்னாருக்குச் செல்லும் வண்டியில் உற்றாரை ஏற்றிவிட்டு மலைநாட்டுப் புகையிரத நிலையங்களில் நின்றவர்கள், உயிரோடிருப்போர்க்கே சாவுக்கு அழுவதுபோல் அழுதனர். மலையக மக்களின் வாய்மொழிப் பாடல்களைத் தேடித் தொகுத்தவருள் முதன்மையானவர் சி. வி. வேலுப்பிள்ளை அவர்கள். 'மலைநாட்டு மக்கள் பாடல்கள்' என்ற அவர்தம் தொகுப்பு 1983இல் நூலாக வெளிவந்தது. எழுத்தறியாதவர் என்று எண்ணப்பட்ட மக்களின் வரலாறு பாட்டிலே வாழ்ந்தமைக்கு அது சான்றாகும்.

இரதியின் புலம்பல்

மாசி மாதத்தில் தோட்டங்களில் ஆடப்பெறும் காமன் கூத்தையும் இங்கு நினைவு கூரவேண்டும். கம்பம் நட்டு, மதனுக்கும் இரதிக்கும் மணம் முடித்து, ஊரே மகிழ்ந்திருக்கும். சிவபெருமானின் நெற்றிக்கண் திறக்க மதன் எரிந்து சாம்பராவான். அதன்பின் எழுவது இரதியின் புலம்பல். இரதி வேடம் புனைபவர் பெரும்பாலும் ஆண்மகனே. கதையும் பலமுறை கேட்ட கதையே. மதன் மீண்டும் எழுவான் என்பதும் யாவரும் அறிந்ததே. எனினும், அந்தப் புலம்பல் எழும்பொழுது முந்தானையால் கண்ணைத் துடைக்காத தாய்மார் சிலரே. அவர்கள் மதனுக்காகவா அழுகின்றனர்? சென்ற ஆண்டு இழந்த கணவனுக்காகவும், ஊர் திரும்பாத மகனுக்காகவுமே அழுகின்றனர்.

இது நம் தோட்டங்களுக்கு மட்டும் உரிய வழக்கோ? அன்று. கடல் கடந்த பெருநகரொன்றில், மின்விளக்கும் ஒலிபெருக்கியும் நிறைந்த அரங்கிலும் இதுவே நிகழ்ந்தது.

வெம்பிளி அரங்கில்

'குவீன்' என்ற புகழ்பெற்ற றொக் இசைக்குழுவின் பாடகர் பிரெடி மேர்க்குரி. சன்சிபாரில் 1946ஆம் ஆண்டு பார்சிக் குடும்பமொன்றிற் பிறந்தவர். பாரூக் பல்சாரா என்பது இயற்பெயர். இந்தியாவிலுள்ள பஞ்ச்கனியிற் பள்ளிக் கல்வி பயின்று, பின்னர் இங்கிலாந்து சென்று உலகப் புகழ் எய்தினார். எய்ட்ஸ் நோயுற்று 1991ஆம் ஆண்டு நவம்பர் 24ஆந் திகதி மறைந்தார். தமக்கு அந்நோய் உண்டென்பதை உலகிற்கு அறிவித்தது முதல்நாள்தான்.

அவர் நினைவாக 1992ஆம் ஆண்டு ஏப்ரில் 20ஆந் திகதி லண்டன் வெம்பிளி விளையாட்டரங்கில் அஞ்சலி இசைவிழா நடைபெற்றது. 72,000 மக்கள் திரண்டிருந்தனர். மேர்க்குரியின் தோழர் மூவரும் இசைக்க, பாடகர் பலர் அவர்தம் பாடல்களைப் பாடினர். அவருள் ஒருவர் ஜோர்ஜ் மைக்கல். எய்ட்ஸ் தம்மைத் தீண்டாதென எவரும் எண்ணிவிடலாகாது என்று மேடையிலேயே எச்சரித்தார். பின்னர், தேவாலயப் பாடற்குழு பின்னின்று ஒலிக்க, அன்பு செய்ய ஒருவரைத் தரவேண்டுமென இறைஞ்சும் மேர்க்குரியின் பாடலொன்றைப் பாடினார். 1976இல் மேர்க்குரி இயற்றிய அப்பாட்டு, ஏறியிறங்கும் சுரங்களால் அமைந்தது, பாடுதற்கு எளிதன்று. ஜோர்ஜ் மைக்கலோ மூலக் குரலைப் போலிசெய்யாமல், தம் குரலாலேயே அதன் உச்சிகளைத் தொட்டார். அரங்கு முழுவதும் கைகொட்டி உடன்பாடியது. அன்றைய இசையுள் இதுவே தலையாயது என்று பலரும் இன்றுவரை போற்றுவர். ஒத்திகையிலேயே அவர் முழு உள்ளத்தோடு பாடுவதையும், டேவிட் போவி என்ற பெரும்பாடகர் நின்று கேட்பதையும் காட்டும் படக்காட்சி உலகெங்கும் பரவியுள்ளது.

இத்தனை உருக்கம் எங்கிருந்து வந்தது? விடை பல்லாண்டுகளின் பின்னரே வெளியாயிற்று. ஜோர்ஜ் மைக்கலின் அன்பிற்குரிய துணைவர், பிரேசில் நாட்டவரான அன்செல்மோ பெலெப்பாவும் அப்பொழுது அதே நோயின் பிடியில் இருந்தார். மறைந்தவருக்கு அஞ்சலியாகவும், தம் துணைவருக்கு வேண்டுதலாகவுமே தாம் அன்று பாடியதாக ஜோர்ஜ் மைக்கல் பிற்காலத்தில் எடுத்துரைத்தார். வேண்டுதல் பலிக்கவில்லை. அன்செல்மோ 1993 மார்ச்சில் மறைந்தார். அவ்வாண்டிலேயே அஞ்சலிப் பாடல் இசைத்தட்டாக வெளிவந்து பிரித்தானியாவில் முதலிடம் பெற்றது. வருவாய் எய்ட்ஸ் ஒழிப்புப் பணிக்கு உதவியது. ஜோர்ஜ் மைக்கல் 2016ஆம் ஆண்டு நத்தார் நாளில் இறந்தார்.

கேட்போர் கடன்

நம் லயத்துத் தாய்க்கும் அப்பாடகருக்கும் இடையே ஒரு வேற்றுமையும் உண்டு. வெம்பிளியில் அத்தனை பேரும் பாட்டைக் கேட்டனர். பாடியவரின் நெஞ்சிலிருந்த இரண்டாவது துயரை அறிந்தார் மிகச் சிலரே. ஒப்பாரி வட்டத்திலோ, பாட்டு வழி மாறிய அக்கணமே, அருகிலிருப்பவள் அது யாருடைய துயரென உணர்ந்து அவளைத் தோளோடு சேர்த்து அணைத்துக்கொள்வாள். இத்தகைய அரங்கு வேறெங்கு உண்டு!

2014ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆந் திகதி காலை, பதுளை மாவட்டத்தின் கொஸ்லந்தைப் பகுதியிலுள்ள மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து லயங்களை மூடியது. பள்ளி சென்றிருந்த பிள்ளைகள் பலர் உயிர் தப்பினர்; திரும்பி வந்து நிற்க வீடில்லை. மண்ணுள் மறைந்தோர் அனைவரின் உடல்களும் கிடைக்கவில்லை. சுற்றியமர்ந்து அழுவதற்கு உடலும் இல்லாத இழவு அது. அத்தகைய துயர்க்கு ஆண்டுதோறும் ஏற்றும் விளக்கும், இறந்தோர் பெயரைச் சொல்லும் பாட்டுமே இருப்பிடமாகும்.

இன்று நகர்ப்புறம் சென்ற பிள்ளைகள் ஒப்பாரியை நாட்டுப்புறத்தாரின் கூச்சல் என்று நாணுகின்றனர். பல வீடுகளில் ஒலிபெருக்கிப் பாட்டே அழுகைக்கு மாற்றாக வந்துவிட்டது. அதே பிள்ளைகள் வெம்பிளி அரங்கின் பாட்டைக் கைப்பேசியிற் கேட்டு உருகுகின்றனர். உருகட்டும், அது நல்ல பாட்டே. ஆயினும், அக்கைப்பேசியைக் கொண்டே, பாட்டியார் சம்மதத்தோடு, அவர் அறிந்த ஒப்பாரியையும் ஒருமுறை பதிவு செய்துவைத்தல் வேண்டும். பதிவு செய்யும்பொழுது பாட்டு எந்த இடத்தில் வழி மாறுகின்றது என்பதைச் செவிகொடுத்துக் கேட்கவேண்டும். அம்மூதாட்டி ஒருநாளும் வீட்டில் வாய்விட்டுச் சொல்லாத செய்தி அங்கேதான் இருக்கும்.