தட்டில் பாட்டு இல்லை

“மாமா, தட்டு நின்னாலும் பாட்டு நிக்க மாட்டேங்குது. கொஞ்சம் வந்து பாருங்களேன்.”

அக்கா மகன் ஃபோனில் சொன்னது அவ்வளவுதான். இன்ஜினியரிங் மூன்றாம் ஆண்டு. கல்லூரி விழாவில் டிஜே பண்ணப்போகிறேன் என்று சேர்த்துவைத்த காசையெல்லாம் கொட்டி, செகண்ட் ஹேண்டில் இரண்டு டர்ன்டேபிளும் ஒரு மிக்சரும் வாங்கியிருந்தான். “மிக்சருக்கா இவ்வளவு விலை? எந்தக் கடையில?” என்று அவன் பாட்டி கேட்டது எங்கள் வீட்டில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

போய்ப் பார்த்தேன். கட்டிலை ஒட்டி ஒரு மேஜை. நடுவில் மிக்சர், இரண்டு பக்கமும் டர்ன்டேபிள், பின்னால் லேப்டாப். இடது தட்டு சுழலவில்லை. முள் மட்டும் அதன்மேல் உட்கார்ந்திருந்தது. ஸ்பீக்கரில் பாட்டோ காய்ச்சல்காரன்போல் முன்னும் பின்னும் நடுங்கிக்கொண்டிருந்தது. அதற்கு அடியில் ‘உம்ம்ம்’ என்று ஓர் உறுமல்.

முதல் வேலையாக மிக்சரில் இருந்த சுவிட்சை யூஎஸ்பியிலிருந்து ஃபோனோவுக்கு, அதாவது லேப்டாப்பை விட்டு நேரே தட்டின் ஒலிக்கு, திருப்பி, தட்டைச் சுழலவிட்டேன். பாட்டு காணாமல் போனது. ‘கூ...’ என்று ஒரே சுருதியில் ஒரு விசில் மட்டும் கேட்டது. அந்தத் தட்டில் இருப்பது அவ்வளவுதான். வெளிவிளிம்பிலிருந்து நடுவரை அந்த விசிலைத் தவிர வேறெதுவும் கிடையாது. பாட்டு இருப்பது லேப்டாப்பில்.

பாட்டே இல்லாத தட்டை ஏன் சுற்ற வேண்டும்? டிஜே கலை பிறந்ததே கையால் தட்டைப் பிடிப்பதில்தான். 1973 ஆகஸ்ட் 11 அன்று நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில், செட்ஜ்விக் அவென்யூ 1520ஆம் எண் கட்டடத்தில் தங்கை நடத்திய விருந்துக்குப் பாட்டுப் போட்டவர் கூல் ஹெர்க். பாட்டின் நடுவே பாடகர் ஒதுங்கிக்கொண்டு டிரம்ஸ் மட்டும் ஒலிக்கும் சில விநாடிகளில்தான் கூட்டம் அதிகமாக ஆடுகிறது என்பதைக் கவனித்தவர் அவர். ஒரே இசைத்தட்டின் இரண்டு பிரதிகளை வைத்துக்கொண்டு, ஒன்றில் அந்தத் துண்டு முடியும்போது மற்றதில் தொடங்கி, சில விநாடிகளைப் பல நிமிடங்களாக நீட்டினார். ஹிப்-ஹாப் அங்கிருந்து கிளம்பியது.

அதற்கு வாகான கருவியும் அப்போது வந்துவிட்டிருந்தது. பெல்ட் வழியாகச் சுழலும் பிளேயரில் தட்டைக் கையால் நிறுத்தி விட்டால் வேகம் பிடிக்க நேரமாகும். மோட்டாரின் அச்சிலேயே தட்டு உட்காரும் டைரக்ட் டிரைவ் முறையில் டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 வெளிவந்தது 1972இல். 1979இல் வந்த அதன் இரண்டாம் வடிவத்தில் வேகத்தை 8 சதவீதம் கூட்டவும் குறைக்கவும் ஒரு நீள்சறுக்கு இருந்தது. இன்றும் டிஜேக்கள் டர்ன்டேபிள் என்றால் மனதில் நினைப்பது அதைத்தான்.

சிக்கல் பாரம்தான். நூறு எல்பி தட்டுகளை உறையோடு பெட்டியில் அடுக்கினால் 20 கிலோவுக்குக் குறையாது. லேப்டாப்பில் பல்லாயிரம் பாட்டு அடங்கும். ஆனால் தட்டைக் கையால் முன்னும் பின்னும் தேய்த்து ஸ்கிராட்ச் பண்ணுவதுபோல் லேப்டாப்பைத் தடவிப் பண்ண முடியாதே! கையின் அசைவை மட்டும் தட்டிலிருந்து எடுத்துக் கம்ப்யூட்டருக்குக் கொடுத்துவிட்டால் என்ன? நெதர்லாந்தில் உருவான ஃபைனல் ஸ்கிராட்ச், இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் அதைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. நியூசிலாந்தின் செராட்டோவும் ரேன் நிறுவனமும் சேர்ந்து 2004இல் விட்ட ஸ்கிராட்ச் லைவ் அதை உலகம் முழுக்கப் பரப்பியது.

இனி அந்த விசிலுக்கு வருவோம். செராட்டோ தட்டில் அது விநாடிக்கு 1000 அலை. தட்டு நிமிடத்துக்கு 33⅓ சுற்று சுற்றுகிறது. ஒரு சுற்றுக்கு 1.8 விநாடி. ஆக, ஒரு சுற்றில் 1800 அலைகள், ஒரு பாகைக்கு ஐந்து. வெளிவிளிம்பில் ஓர் அலையின் நீளம் சுமார் அரை மில்லிமீட்டர். அலை என்று சொல்வதைவிட அளவுகோலில் போட்ட கோடுகள் என்று சொல்லிவிடலாம். தட்டை மெதுவாக்கினால் சுருதி இறங்கும், வேகமாக்கினால் ஏறும். மென்பொருள் அந்த ஏற்ற இறக்கத்தை அளந்து, பாட்டை அதே விகிதத்தில் ஓட்டுகிறது.

சரி, பின்னோக்கிச் சுற்றினால் அதற்கு எப்படித் தெரியும்? விசிலைத் திருப்பிப் போட்டாலும் விசில்தானே? இங்கேதான் சாமர்த்தியம். இடது சேனலிலும் வலது சேனலிலும் ஒரே விசில், ஆனால் ஒன்று மற்றதைவிடக் கால் அலை முந்தி ஓடுகிறது. தட்டு பின்னால் திரும்பினால் முந்தியது பிந்தும், பிந்தியது முந்தும். பழைய பந்து வைத்த மவுஸ் இடமா வலமா என்று கண்டுபிடித்ததும் இதே வித்தையில்தான். இந்த இரண்டு அலைகளில் ஒன்றைக் கிடையாகவும் மற்றதை நெடுக்காகவும் திரையில் வரைந்தால் வட்டம் கிடைக்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரெஞ்சு இயற்பியலாளர் லிஸ்ஸஜூ, இசைக்கவைகளில் கண்ணாடி பொருத்தி ஒளிக்கற்றையால் சுவரில் இப்படித்தான் வட்டமும் நீள்வட்டமும் வரைந்துகாட்டினார். டிஜே மென்பொருளின் செட்டிங்ஸ் பக்கத்தில் தெரியும் பச்சை வளையம் அவருடைய பேரப்பிள்ளை.

இன்னொன்று பாக்கி. முள்ளைத் தூக்கித் தட்டின் நடுவில் வைத்தால் பாட்டும் நடுவுக்குத் தாவுகிறது. எந்த இடம் என்று விசில் எப்படிச் சொல்லும்? அலைகளெல்லாம் ஒரே உயரமில்லை. சில கொஞ்சம் உயரம், சில கொஞ்சம் குட்டை. உயரம் 1, குட்டை 0. அடுத்தடுத்த 20 அலைகளைப் படித்தால் வரும் 0-1 வரிசை, தட்டின் அந்தப் பக்கத்தில் வேறெங்கும் திரும்ப வராது. அதாவது 20 மில்லி விநாடியில் இடம் தெரிந்துவிடும்.

இந்த யோசனை நம் பக்கத்துக்குப் புதிதல்ல. சம்ஸ்கிருத யாப்புப் படிப்பவர்கள் ‘யமாதாராஜபானஸலகாம்’ என்று ஒரு சொல்லை மனப்பாடம் செய்வார்கள். பொருள் ஒன்றுமில்லை. பத்து எழுத்து, அதில் எந்த மூன்றை அடுத்தடுத்து எடுத்தாலும் குறில்-நெடில் வரிசை வேறு வேறாக இருக்கும். மூன்றெழுத்தில் சாத்தியமான எட்டு வகையும் தலைக்கு ஒருமுறை வந்துவிடும். செராட்டோ தட்டு அதன் நீட்டிப் பிடித்த வடிவம்: மூன்றுக்குப் பதில் இருபது, பத்து எழுத்துக்குப் பதில் ஒரு பக்கத்தில் ஏழு லட்சம் அலைக்கு மேல்.

இதெல்லாம் தெரிந்தபின் மருமகனின் வியாதி புரிந்துவிடும். வயரில் போவது இசையல்ல, அளவு. அளவில் கலப்படம் சேர்ந்திருக்கிறது.

முள்ளின் மறுமுனையில் இருப்பது குட்டிக் காந்தமும் சுருளும். அதிலிருந்து வருவது ஐந்து மில்லி வோல்ட் அளவுக்குத்தான். மிக்சரின் ஃபோனோ பகுதி அதைச் சுமார் நூறு மடங்கு பெருக்குகிறது. பெருக்கும்போது சமமாகவும் பெருக்காது. இசைத்தட்டு வெட்டும்போது கனத்த ஒலிகளைக் குறைத்து, மெல்லிய ஒலிகளைக் கூட்டிப் பதிப்பது வழக்கம். இல்லாவிட்டால் பள்ளம் அகலமாகி இடம் போதாது. கேட்கும்போது அதைத் திருப்பிச் சரிசெய்ய வேண்டும் என்பதால், ஃபோனோ பகுதி கனத்த ஒலிகளைக் கூடுதலாகத் தூக்கிவிடும். வீட்டு மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் உறுமலும் அந்தக் கூட்டத்தில்தான் இருக்கிறது. நுழைய ஒரு சின்னச் சந்து கிடைத்தால் போதும், ராஜ உபசாரம். (அமெரிக்க மின்சாரம் 60 ஹெர்ட்ஸ், அங்கே உறுமலுக்கும் சுருதி கொஞ்சம் தூக்கல்.)

டர்ன்டேபிளின் பின்பக்கம் சிவப்பு, வெள்ளை வயர்களோடு ஒல்லியாக மூன்றாவது வயர் ஒன்று தொங்கும், நுனியில் கவட்டை மாதிரி ஒரு தகடு. “இது எதுக்குன்னே தெரியல மாமா, எங்கயும் சொருக எடமில்ல” என்று அதைச் சுருட்டி ரப்பர் பேண்ட் போட்டு வைத்திருந்தான். அது எர்த் வயர். மிக்சரின் பின்னால் அதற்கென்றே குமிழ்போல் ஒரு திருகு உண்டு. அதைத் தளர்த்தி, தகட்டை நுழைத்து இறுக்கினோம். உறுமல் நின்றது. பாட்டின் நடுக்கமும் நின்றது. நின்ற தட்டிலிருந்து வந்த உறுமலைத்தான் மென்பொருள் ‘தட்டு அசைகிறது’ என்று எடுத்துக்கொண்டிருந்தது.

வலது தட்டு வேறு கதை. சுழலவிட்டால் திரையில் வட்டத்துக்குப் பதில் ஒரு கோடு. இரண்டு சேனலில் ஒன்று வரவில்லை என்று அர்த்தம். முள் பொருத்திய தலையைக் கழற்றி விளக்குக்கு அடியில் பார்த்தேன். தலைமுடியைவிடச் சற்றே தடித்த நான்கு வயர்கள்: வெள்ளை, நீலம், சிவப்பு, பச்சை. முதல் இரண்டும் இடது சேனல், மற்ற இரண்டும் வலது. பச்சை வயர் தன் ஊசியிலிருந்து நழுவித் தொங்கியது. அக்காவின் புருவம் திருத்தும் இடுக்கியை வாங்கி உள்ளே தள்ளினேன். திரையில் கோடு விரிந்து நீள்வட்டமாகி வட்டமானபோது பையன் கைதட்டினான். எனக்கும் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது.

மிச்சமிருந்தது பொறுமையான வேலை. இரைச்சலின் எல்லையை மென்பொருளுக்குச் சொல்ல வேண்டும். தட்டை நிறுத்தி, முள்ளை அதன்மேல் வைத்து, விழாவில் வைக்கப்போகும் சத்தத்திலேயே வேறு பாட்டை ஓடவிட்டு அளக்க வேண்டும். எல்லையைக் கூட்டி வைத்தால் கையின் மெதுவான அசைவுகள் தொலைந்துபோகும். ஏனென்றால் காந்தம் மெதுவாக அசைந்தால் மின்னழுத்தமும் குறையும். குறைத்து வைத்தால் பழைய நடுக்கம் திரும்பும். சப் ஊஃபர் மேடைமேலேயே இருந்தால் அதன் அதிர்வு மேஜை ஏறி முள்ளுக்குப் போய்விடும். டர்ன்டேபிள் வைத்த பலகைக்கு அடியில் டென்னிஸ் பந்துகளைப் பாதியாக வெட்டிக் கவிழ்த்து வைப்பது பழைய வைத்தியம்.

அப்புறம் தாமதம். லேப்டாப் ஒலியைத் துளித்துளியாகக் கொடுப்பதில்லை, கரண்டி கரண்டியாக மொள்கிறது. விநாடிக்கு 44,100 மாதிரிகள் என்ற கணக்கில், கரண்டியில் 512 மாதிரி இருந்தால் 11 மில்லி விநாடிக்கு மேல் போய்விடும். 128 என்றால் 3 மில்லி விநாடிக்கும் கீழே. ஸ்பீக்கரை ஒரு மீட்டர் தள்ளி வைத்தால் காற்றிலேயே அவ்வளவு தாமதமாகிவிடும் என்பதால் காது பொருட்படுத்தாது. இன்னும் சின்னக் கரண்டி வைக்க ஆசைப்பட்டால் லேப்டாப்புக்கு மூச்சுத்திணறிப் பாட்டு ‘டப் டப்’ என்று வெட்டும்.

கிளம்பும்போது கேட்டேன், “நடுவுல லேப்டாப் படுத்துட்டா என்னடா பண்ணுவே?”

கொஞ்சம் யோசித்தான். “சுவிட்ச ஃபோனோவுக்குத் திருப்பணும்... திருப்புனா அந்த விசில்தான் மாமா வரும்.”

அனுபவப்பட்டவர்கள் பையில் ஒரு நிஜ இசைத்தட்டு வைத்திருப்பது அதற்காகத்தான். அப்பா விட்டுப்போன எல்பிகளில் கீறல் குறைவானதாக ஒன்றைத் தேடி, அடுத்த ஞாயிறு கொண்டுபோய்க் கொடுத்தேன். உறையிலிருந்து உருவி இரண்டு பக்கமும் புரட்டினான்.

“இதுல ஒவ்வொரு பாட்டும் எங்க ஆரம்பிக்குதுன்னு எப்படி மாமா தெரியும்?”

ஜன்னல் பக்கம் சாய்த்துப் பிடிக்கச் சொன்னேன். பாட்டுக்கும் பாட்டுக்கும் இடையிலிருந்த பளபளப்பான மெல்லிய வளையங்களை விரல் படாமல் எண்ணத் தொடங்கினான்.